முக்குளிப்போரும் மூச்சுக் கருவியும்

சுவா சூ காங் என்னும் ஊர்ப்பெயரில் மூன்று சீனச் சொற்கள் உள்ளன. ‘சுவா’ என்பது ஒரு குலப்பெயர். ‘சூ’ என்பது வீடு. ‘காங்’ என்பது ஆற்றுத்துறை. மிளகும் காம்பியரும் பயிரிட வந்த சீனக் குடியேறிகள் ஆற்றுவழியே படகில் வந்து இறங்கிய துறையே ஊராயிற்று. இன்று அங்கு அடுக்குமாடி வீடுகள் நிறைந்துவிட்டன. துறையின் பெயரைத் தாங்கிய ஊரில் கடல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயினும் வடக்கே கிராஞ்சி வரை சென்றால் ஜொகூர் நீரிணை எதிர்ப்படும். அதன் கரையோரமாகவே கிழக்கு நோக்கிச் சென்றால் செம்பவாங்கை அடையலாம். நாம் அன்றாடம் பாலத்தின்மேல் கடந்து செல்லும் இந்நீரிணையில், 1945ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், மனிதன் நீருக்குள் மூச்சுவிடும் கலையின் அருமையையும் ஆபத்தையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது.

அப்போது ஜப்பானியரின் ‘தக்காவோ’ என்னும் போர்க்கப்பல் இந்நீரிணையில் நின்றுகொண்டிருந்தது. இயான் பிரேசர் என்பார் தலைமையில் ‘எக்ஸ்.இ.-3’ என்னும் மிகச் சிறிய பிரிட்டிஷ் நீர்மூழ்கி அதன் அடிப்பகுதிக்குள் புகுந்தது. அதிலிருந்து வெளியேறிக் கப்பலின் அடியில் வெடிகளைப் பொருத்த வேண்டிய முக்குளிப்பாளர் ஜேம்ஸ் மகென்னிஸ். நீர்மூழ்கி கப்பலுக்கடியில் இறுக மாட்டிக்கொண்டமையால் அதன் கதவு முழுதும் திறக்கவில்லை. கிடைத்த இடுக்கின் வழியே அவர் உடலை நெளித்துக்கொண்டு வெளியேறினார். கப்பலின் அடியிலோ கொட்டலசு என்னும் ஓட்டுயிர்கள் அடர்ந்து படிந்திருந்தன. அவற்றைச் சுரண்டி எடுத்த பின்னரே வெடிகளை ஒட்டவைக்க முடிந்தது. இவ்வளவு இடர்களுக்கும் மேலாக, அவருடைய மூச்சுக் கருவியிலிருந்து பிராணவாயு இடைவிடாது கசிந்து, குமிழிகளாக நீர்மட்டத்திற்கு ஏறிக்கொண்டிருந்தது.

இக்கசிவு இருவகையில் கொடியது. ஒன்று, உயிர்வளி வீணாகிறது. மற்றொன்று, மேலே நிற்கும் பகைவர் ஒருவர் குனிந்து பார்த்தால் குமிழிகளே காட்டிக்கொடுத்துவிடும். மகென்னிஸ் பணியை முடித்துத் தளர்ந்து திரும்பினார். பின்னர், வெடிகளைச் சுமந்து வந்த கலம் ஒன்று நீர்மூழ்கியை விட்டுக் கழலாமற்போகவே, கசியும் கருவியோடு மீண்டும் வெளியே சென்று ஏழு நிமிடம் போராடி அதனை விடுவித்தார். அவருக்கும் பிரேசருக்கும் விக்டோரியா சிலுவை விருது வழங்கப்பட்டது. வீரத்திற்கு அது தக்க பரிசே. ஆயின், நீருக்குள் இறங்குவோர் எல்லாரும் அத்தகைய வீரத்தை நம்பி இறங்குதல் கூடாது. கசிவைக் கரையிலேயே கண்டுபிடிப்பது எவ்வாறு என்பதே நாம் அறிய வேண்டுவது. அதற்குரிய முறைகளை, கருவியின் தலைவாயிலாகிய வாய்ப்பகுதியை மையமாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

மூச்சின் கணக்கு

நாம் உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உள்ளது. வெளிவிடும் காற்றிலும் ஏறத்தாழ 16 பங்கு எஞ்சியிருக்கிறது. அதனோடு 4 பங்கு அளவு கரியமிலவாயு சேர்ந்திருக்கிறது. அஃதாவது, உடல் எடுத்துக்கொள்வது சிறு பகுதியே. முதுகில் காற்றுக்கலம் சுமந்து செல்லும் சாதாரண முக்குளிப்பாளர் ஒவ்வொரு மூச்சையும் நீரில் விட்டுவிடுகிறார். எஞ்சிய பிராணவாயு குமிழிகளோடு போய்விடுகிறது.

அவ்வாறு வீணாக்காமல், வெளிவிட்ட மூச்சிலுள்ள கரியமிலவாயுவை மட்டும் நீக்கி, செலவான பிராணவாயுவை ஈடுசெய்து, அதே காற்றை மீண்டும் சுவாசிக்கச் செய்வது ‘ரிபிரீதர்’ என்னும் கருவி. இதனை மறுசுவாசக் கருவி எனலாம். 1878இல் ஹென்றி ஃபிளியூஸ் என்னும் ஆங்கிலேயர் இத்தகைய கருவியை அமைத்தார். காரப் பொட்டாசில் தோய்த்த கயிற்று நாரே அதில் கரியமிலவாயுவை உறிஞ்சியது. 1880இல், வெள்ளம் புகுந்திருந்த செவர்ன் ஆற்றுச் சுரங்கத்தில், அலெக்சாண்டர் லாம்பெர்ட் என்னும் முக்குளிப்பாளர் நெடுந்தொலைவு இருளில் சென்று உள்ளேயிருந்த கதவை மூடினார். கரையிலிருந்து காற்றுக் குழாயை இழுத்துச் செல்லும் வழக்கமான உடையால் இயலாத அச்செயலுக்குத் துணைநின்றது ஃபிளியூசின் கருவியே.

இக்காலக் கருவியின் உறுப்புகள் இவை: வாயிலிருந்து புறப்படும் இரண்டு நெளிகுழாய்கள்; மூச்சு நிரம்பி வடியும் சுவாசப் பை; சோடாச் சுண்ணாம்பு நிரப்பிய கலம்; பிராணவாயுக் கலம்; பிராணவாயுவின் அளவைக் காட்டும் மின் உணர்விகள். இவையனைத்தும் சேர்ந்து ஒரு மூடிய சுற்று ஆகின்றன. அச்சுற்று மனிதனோடு இணையும் ஒரே இடம் வாய்.

வாய்க்கவ்வியின் அமைப்பு

ஆங்கில வழக்கில் ‘மவுத்பீஸ்’ எனப்படுவதைப் பற்களால் கவ்விக்கொள்வதனால் வாய்க்கவ்வி என்று குறிப்போம். இதில் உள்ளவை மூன்று. முதலாவது, சிலிக்கோனால் ஆன மென்மையான கவ்வி. இதன் அகன்ற விளிம்பு உதட்டுக்கும் பல்லீறுக்கும் இடையே அமரும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் இரு முனைகளைப் பற்கள் பற்றிக்கொள்ளும். இரண்டாவது, கவ்வியின் பின்னுள்ள திறப்பு வால்வு. ஒரு சிறு நெம்பினைத் திருப்பினால் சுற்று திறக்கும். மறுபுறம் திருப்பினால் மூடும். மூன்றாவது, இருபுறக் குழாய்களின் தலைப்பில் அமைந்த ஒருவழி வால்வுகள். காளான் குடைபோன்ற மெல்லிய வட்டங்கள் இவை. ஒன்று காற்றை வாய்க்குள் வரவிடும், திரும்ப விடாது. மற்றொன்று வாயிலிருந்து போகவிடும், திரும்ப வரவிடாது. இவ்விரண்டின் ஒழுங்கினால்தான் காற்று ஒரே திசையில் சுற்றி வருகிறது.

தாளைவிட மெல்லியதாகத் தோன்றும் இவ்வட்டங்களில் ஒன்று மடிந்துவிட்டாலோ, ஓரத்தில் ஒரு மணல்துகள் ஒட்டிக்கொண்டாலோ நேர்வது என்ன? வெளிவிட்ட மூச்சு சோடாச் சுண்ணாம்பின் வழியே செல்லாமல் வந்த குழாயிலேயே திரும்பிப் போய், அடுத்த மூச்சில் மீண்டும் நுரையீரலை அடைகிறது. கரியமிலவாயு மூச்சுக்கு மூச்சு பெருகுகிறது. கலத்தில் புத்தம்புதிய சுண்ணாம்பு நிறைந்திருந்தும் பயனில்லை.

உணர்வு ஏமாற்றும்

‘மூச்சு எளிதாகத்தானே வருகிறது, வேறென்ன சோதனை?’ என்று ஒருவர் கேட்கலாம். இக்கேள்வியில்தான் உயிருக்கு உலை வைக்கும் பிழை ஒளிந்திருக்கிறது.

நிலத்தில் மூச்சை அடக்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் நெஞ்சு பதறி மூச்சு இழுக்கத் தூண்டுகிறது. அப்பதற்றத்தைப் பெரிதும் உண்டாக்குவது பிராணவாயுக் குறைவு அன்று, கரியமிலவாயுவின் மிகுதியே. மறுசுவாசக் கருவியோ கரியமிலவாயுவை இடையறாது நீக்கிவிடுகிறது. ஆகவே, கலத்தின் குழாய் திறக்கப்படாமல் பிராணவாயு படிப்படியாகக் குறைந்தாலும் மூச்சுத் திணறல் தோன்றாது. தலைசுற்றலோ அச்சமோ இன்றி, உறங்குவது போல நினைவு போய்விடும். எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய இடத்தில் மணியே இல்லை.

கரியமிலவாயு மிகுந்தால் தலைவலி, மேல்மூச்சு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றும். ஆயினும், குழம்பிய மனத்தால் தன் குழப்பத்தை அறிய இயலுவதில்லை. பிராணவாயு மிகுந்தாலும் தீங்குண்டு. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. தனிப் பிராணவாயுவைச் சுவாசிப்பவர்க்கு 6 மீட்டர் ஆழத்திலேயே அதன் அழுத்தம் 1.6 வளிமண்டலம் ஆகிவிடும். அதற்கு மேல் வலிப்பு வரக்கூடும். வலிப்பில் தாடை தளர்ந்து கவ்வி நழுவினால் மூழ்குதலே முடிவு. உதட்டோரம் கசிந்து புகும் நீர் சோடாச் சுண்ணாம்போடு கலந்தாலோ எரிகாரக் கரைசலாகித் தொண்டையைப் புண்ணாக்கும்.

எனவே, இக்கலையில் முதல் விதி இதுதான்: நலமாக இருப்பதாகத் தோன்றுவது சான்று ஆகாது. ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே சோதித்து அறிந்ததே சான்று.

கண்ணும் கையும்

வாய்க்கவ்வியை முதலில் ஒளியில் பிடித்துப் பார்க்க வேண்டும். பற்கள் பதியும் முனைகளின் அடியிலும், குழலோடு சேரும் கழுத்திலும் கிழிசல் உண்டாவது இயல்பு. விரலால் விரித்துப் பார்த்தாலன்றி அது தெரியாது. கவ்வியைக் குழலோடு பிணைக்கும் பட்டையை இழுத்துப் பார்க்க வேண்டும். அதன் வெட்டிய நுனி உதட்டில் குத்தாதபடி புறத்தே திரும்பியிருக்க வேண்டும். நெம்பு திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் தடையின்றி முழுதும் திரும்ப வேண்டும். பாதி திறந்த வால்வு என்பது பாதி மூடாத கதவு. அதன் வழியே நீர் புகும்.

இந்தக் கண்பார்வைச் சோதனையைச் சிறிதென்று தள்ளிவிடலாகாது. ஏனெனில், பின்னர்ச் செய்யப்போகும் அழுத்தச் சோதனைகளில் திறப்பு வால்வு மூடியிருக்கும். கவ்வியோ அவ்வால்வுக்கு வெளியே இருப்பது. அதிலுள்ள கிழிசலை அச்சோதனைகள் காட்டமாட்டா. கண்ணும் கையுமே காட்ட வேண்டும்.

பொருத்தும் முறை

கவ்வியின் அளவு அவரவர் வாய்க்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். மிகப் பெரிது ஈறைப் புண்ணாக்கிக் குமட்டலை உண்டாக்கும். மிகச் சிறிது உதட்டோரத்தில் நீரை விடும். இறுகக் கடித்தால்தான் நிற்கிறது என்றால் பொருத்தம் சரியில்லை. ஒரு மணிநேரம் கடித்த தாடை சோர்ந்து போகும்; சோர்ந்த தாடை நழுவவிடும். பற்கள் மெதுவாகப் பற்ற, உதடுகள் சுற்றிலும் மூடி நிற்பதே முறை. கழலும் பொய்ப்பற்கள் உடையோர் அவற்றைப் பற்றிப் பயிற்சியாளரிடமும் பல் மருத்துவரிடமும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

அடுத்துக் குழாய்களின் நீளம். கருவியை முழுதும் அணிந்தபின் தலையை இடமும் வலமும் திருப்பி, அண்ணாந்தும் குனிந்தும் பார்க்க வேண்டும். எந்நிலையிலும் குழாய் கவ்வியை ஒரு பக்கமாக இழுத்தல் கூடாது. அங்ஙனம் இழுத்தால் உதட்டின் ஒரு மூலை திறந்து நீருக்கு வழிவிடும்.

இறுதியாக, கவ்வியைத் தலையோடு பிணைக்கும் வார். இதனைச் சிலர் தொல்லையென்று கழற்றி வைத்துவிடுகின்றனர். பிரெஞ்சுப் படை முக்குளிப்பாளரிடையே 1979 முதல் 2009 வரை மறுசுவாசக் கருவியால் நேர்ந்த 153 விபத்துகளை ஆய்ந்த அறிக்கை ஒன்று 2011இல் வெளியாயிற்று. அவற்றுள் 54 பேர் நினைவிழந்தனர். ஆயினும் நீரில் மூழ்கி இறந்தோர் மூவரே. நீருக்குள் நினைவிழந்தவர் உயிர் பிழைத்தல் அரிது என்பதை எண்ணினால் இவ்வெண்ணிக்கை வியப்பளிக்கும். கவ்வி வாயை விட்டு நழுவாதபடி காக்கும் வாரும், அருகில் இருந்து மேலே கொணரும் துணைவரும் இதற்குக் காரணமென அறிஞர் கருதுவர். வார் உதட்டை நசுக்காமல், விளிம்பு நன்கு படியும் அளவுக்கு இறுகியிருத்தல் போதும்.

ஒருவழி வால்வுகள்

இச்சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டா. உள்ளங்கையும் மூச்சுமே போதும். வாய்க்கவ்வியை அதன் இரு குழாய்களோடு சுவாசப் பையிலிருந்து பிரித்து எடுத்து, திறப்பு வால்வைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், மூச்சு வெளியேறும் குழாயின் முனையை உள்ளங்கையால் அடைத்து, கவ்வியின் வழியே மெல்ல ஊத வேண்டும். காற்று எங்கும் போகக்கூடாது. போனால், உள்மூச்சு வால்வு பின்னோக்கி விடுகிறது என்பது பொருள். அடுத்து, மூச்சு வரும் குழாயின் முனையை அடைத்து, உறிஞ்ச வேண்டும். காற்று வரக்கூடாது. வந்தால், வெளிமூச்சு வால்வு பழுது. பின்னர் இரு முனைகளையும் விடுத்து மூச்சை இழுத்தும் விட்டும் பார்த்தால், காற்று ஒன்றன் வழியே வந்து மற்றொன்றன் வழியே போவதைக் கையால் உணரலாம். அத்திசை, தயாரிப்பாளர் குறித்த திசையோடு பொருந்துகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மென்மையாக ஊதுதலே நன்று. பலமாக ஊதினால் பழுதுபட்ட வால்வும் அவ்வேகத்தில் ஒட்டிக்கொண்டு நல்லது போல் நடிக்கும்.

சுற்றின் இறுக்கம்

குழாய்களை மீண்டும் இணைத்தபின் முழுச் சுற்றையும் இருமுறை சோதிக்க வேண்டும். ஒன்று, சுவாசப் பையை வளியால் விம்ம நிரப்பி, வாய்க்கவ்வியின் வால்வை மூடி, தயாரிப்பாளர் கூறும் நேரம் காத்திருத்தல். பை தளராமல் இருக்க வேண்டும். மற்றொன்று, சுற்றிலுள்ள வளியை வாயால் உறிஞ்சி எடுத்து வால்வை மூடிவிட்டுக் காத்திருத்தல். ஒட்டிப்போன குழாய்கள் அவ்வாறே ஒட்டி நிற்க வேண்டும். உள்ளிருந்து வெளியே கசிவதை முதற்சோதனையும், வெளியிலிருந்து உள்ளே புகுவதை இரண்டாம் சோதனையும் காட்டுகின்றன. ஒருபுறமாக மட்டும் கசியும் இடுக்குகளும் உண்டு. ஆகவே ஒன்றைச் செய்து மற்றதை விடுதல் கூடாது.

ஐந்து நிமிடம்

எல்லாம் சரியெனக் கண்டபின், நீரில் இறங்குமுன், ஓரிடத்தில் அமர்ந்து கருவியின் வழியே சிறிது நேரம் சுவாசித்தல் வழக்கம். ஐந்து நிமிடம் என்பது பலரும் கைக்கொள்ளும் அளவு. முகக்கண்ணாடி அணிந்து மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். இல்லையேல், அறியாமலே மூக்கால் வெளிக்காற்றை இழுத்துச் சோதனையைப் பொய்யாக்கிவிடுவோம். பார்வை பிராணவாயு காட்டியின் மேலேயே இருக்க வேண்டும். நின்றுகொண்டு செய்தலும் ஆகாது. நினைவு தவறினால் விழுந்துவிட நேரும்.

இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. நியூசிலாந்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், சோடாச் சுண்ணாம்பு அறவே இல்லாத கருவியில் சுவாசித்தோருள் பெரும்பாலோர் ஐந்து நிமிடத்திற்குள் ஏதோ பிழையென்று உணர்ந்து நிறுத்தினர். ஆனால், சுண்ணாம்பைத் தவிர்த்துக் காற்று ஓரளவு மட்டும் கசிந்து செல்லுமாறு செய்த கருவியில், மிகச் சிலரே பிழையை உணர்ந்தனர். ஏனையோர் நலமாக இருப்பதாகவே எண்ணிச் சுவாசித்துக்கொண்டிருந்தனர். உணர்வு சான்று ஆகாது என்று முன்னர்க் கூறியதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டா. ஐந்து நிமிடச் சுவாசம் பிராணவாயு ஒழுங்காக வருகிறதா என்பதை அறிய நல்ல வழி. வால்வுகளையும் சுண்ணாம்பையும் சோதிக்காமல் விட்டதற்கு அது ஈடாகாது.

நீரில் இறங்கிய பின்னும் ஒரு சோதனை எஞ்சியுள்ளது. ஆழமில்லா இடத்திலேயே சற்று நின்று, துணைவர் இருவரும் ஒருவரையொருவர் சுற்றிப் பார்த்துக் குமிழி எழுகிறதா என நோக்க வேண்டும். தன் முதுகிலும் கழுத்தடியிலும் எழும் குமிழியைத் தானே காண முடியாது. குமிழி கண்டால் மேலே வந்துவிட வேண்டும். மகென்னிஸுக்கு அன்று திரும்பி வரும் உரிமை இல்லை, நமக்கு உண்டு.

மற்றொன்றும் மறவாதிருக்க வேண்டும்: நீரில் கவ்வியை வாயிலிருந்து எடுக்குமுன் வால்வை மூடிவிட வேண்டும். திறந்தபடி எடுத்தால் சுற்று முழுதும் நீர் புகும். மூடு, பிறகு எடு என்னும் இவ்வொழுங்கு கை தானாகச் செய்யுமளவு பழக வேண்டும். இவற்றையெல்லாம் தகுதி பெற்ற பயிற்சியாளரிடம் நேரில் கற்பதே முறை. கருவிக்குக் கருவி அமைப்பு வேறுபடுமாதலின், தயாரிப்பாளரின் கையேடே முடிவான ஆணை.

கடல்கட்டியும் கயிறும்

முக்குளித்தல் தமிழருக்குப் புதிய தொழில் அன்று. கொற்கை முத்தின் புகழைச் சங்க நூல்கள் பேசுகின்றன. மன்னார் வளைகுடாவில் கல்லைப் பற்றி இறங்கி, ஒரே மூச்சில் சிப்பி அள்ளி வந்தவர்கள் நம் முன்னோர். அங்கு முத்துக்குளிப்புக் காலத்தில் ‘கடல்கட்டி’ என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லப்பட்டவர் அவர். அவர் வந்து ஓதினாலன்றிக் குளிப்போர் கடலில் இறங்க மறுத்தமையால், இலங்கையை ஆண்ட ஆங்கில அரசும் அவருக்குக் கூலி கொடுத்தது.

அத்தோணிகளில் இன்னொருவரும் இருந்தார். அவர் கயிறு பிடிப்பவர். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்த கணமே மேலே இழுக்க வேண்டியவர். அப்பணிக்கு மைத்துனனையே அமர்த்துவர் என்று செவிவழிச் செய்தி உண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலி அக்கயிற்றில் இருப்பதால் அவன் கண்ணயர மாட்டான் என்பது கருத்து.

கடல்கட்டி மனத்துக்குத் தெம்பு தந்தார். கயிறு பிடித்தவர் உயிரைக் காத்தார். இன்றைய முக்குளிப்பாளருக்கும் இவ்விரண்டும் எதிரே நிற்கின்றன. நேற்றும் நன்றாகத்தானே இருந்தது, இன்றும் இருக்கும் என்னும் எண்ணம் கடல்கட்டியின் மந்திரம் போன்றது. தெம்பு தரும், காக்காது. கையால் அடைத்துப் பார்த்த வால்வும், இறுக்கிக் கட்டிய வாரும், சுற்றிவந்து குமிழி பார்க்கும் துணைவரும் கயிறு போன்றவை.

செம்பவாங்கில் சிங்கப்பூர்க் கடற்படையின் முக்குளிப்புப் பிரிவு உள்ளது. தேசிய சேவையின்போது நம் இளைஞர் சிலர் இக்கலையைப் பயில்கின்றனர். வேறு சிலர் விருப்பத்தால் கற்கின்றனர். ‘அவசரப்படாதே’ என்று அவர்களுக்கு அறிவுரை கூறுவது எளிது. ஏன் அவசரப்படலாகாது என்பதை விளக்கிக் கூறுவதே ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய கடமை. கரையில் செலவிடும் அரைமணி நேரத்தைக் கடல் திருப்பிக் கேட்பதில்லை. கரையில் விட்ட பிழையையோ அது கேளாமல் விடுவதில்லை.